பேஸ்டிங் லைனில் பால் நேரம்

நான் பாலுக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியின் பசை ஒட்டும் லைனில் இருபத்திரண்டு பெண்கள் என்னைப் பற்றி அப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் கம்பெனி வேனை விட்டு நான் இறங்கும்போதே, "பால் மேடம் வருது" என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். மெதுவாகச் சொல்வதாக அவர்கள் நினைப்பு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், கோபமும் நன்றாக வரும். எங்களுக்குள் நடந்த அந்தப் பால் சண்டையில், இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் கதி மாட்டிக்கொண்டிருந்தது. அது லைனில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

விழுப்புரத்தில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, அதன்மேல் ஒரு வருடம் தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோவும் வாங்கியபோது, ஏதோ பெரிய ஆலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு உலா வரப்போகிறேன் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். கிடைத்தது ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் கம்பெனி. ஹெல்மெட் கொடுத்தார்கள். ஆனால் அங்கே தலையில் வந்து விழ ஒன்றும் இல்லை. ஆபத்து முழுவதும் காற்றில்தான் இருந்தது.

ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற பசையை எல்லோரும் சொல்யூஷன் என்பார்கள். அது கெட்டியானால் இளக்குவதற்கு, கையில் ஒட்டினால் துடைப்பதற்கு, மேஜையில் சிந்தினால் கழுவுவதற்கு, எல்லாவற்றுக்கும் தின்னர். எங்கள் தின்னரில் பெரும்பங்கு டொலுயீன் என்கிற திரவம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பெயின்ட் கடை வாசனை அடிக்கும், முதலில் கொஞ்சம் இனிப்பாகக்கூடத் தோன்றும். மூடியைத் திறந்து வைத்தால் போதும், சத்தமில்லாமல் ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு தவழும். எங்கேயாவது ஒரு ஸ்விட்சில் பொறி கிடைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். மூச்சில் போனால் தலைவலி, கிறுகிறுப்பு, அசதி, நாள்பட்டால் மறதி. கையில் பட்டால் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு வெளுத்து வெடிக்க வைக்கும். இதையெல்லாம்விட மோசம், கொஞ்ச நேரத்திலேயே மூக்கு அதற்குப் பழகிவிடும். லைனில் யாரைக் கேட்டாலும், "இன்னா ஸ்மெல்லு? ஒண்ணும் இல்லியே" என்பார்கள்.

மாலை பஸ்ஸில் அவர்கள் ஏறினால் மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஜன்னலோரம் இருப்பவர்கள் கண்ணாடியைத் தள்ளிவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர், "எங்கம்மா பெயின்ட் அடிக்கிறாங்க?" என்று பஸ்ஸுக்குள்ளேயே தேடினார்.

அந்த லைனுக்குத் தலைவி ஓர் அக்கா. கிளியனூர்க்காரர், நாற்பது வயது, கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு, வாயில் எந்நேரமும் ஒரு பதில். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், ஆனால் அடுத்த சொல்லே 'நீ' என்று வரும். "மேடம், நீ சும்மா இரு" என்று ஒரே வாக்கியத்தில் மரியாதையும் கொடுத்து அதைத் திரும்பவும் வாங்கிக்கொள்வதில் கெட்டிக்காரர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லைனைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் இரண்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இருந்தன, இரண்டும் ஓடவில்லை. ஒன்றின்மேல் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டி மூடியிருந்தார்கள். கேட்டால், ஃபேன் ஓடினால் பசை ஜல்தி காய்ந்துவிடுகிறதாம், ஒட்டுவதற்குள் மேலே ஆடை கட்டிவிடுகிறதாம், அன்றைய டார்கெட் போய்விடுகிறதாம். நியாயம்தான். அந்த அட்டையை எதால் ஒட்டினீர்கள் என்று கேட்டேன். "சொல்யூஷன்லதான்" என்றார் அக்கா, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

அடுத்து மேஜைகளைப் பார்த்தேன். தின்னரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே அதே மாதிரி பாட்டிலில் நிஜத் தண்ணீர்.

"எது எதுன்னு எப்படிக்கா தெரியும்?"

"மூடில ரப்பர் பேண்டு போட்டிருந்தா தின்னரு. போடலன்னா தண்ணி."

"ரப்பர் பேண்டு அறுந்துபோச்சுன்னா?"

"மோந்து பாத்துக்கறதுதான்."

காலையிலிருந்து வாசனையே தெரியாத மூக்கை நம்பி இருபத்திரண்டு பேர் தாகம் தணித்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் கத்திய கத்தலில் பேக்கிங் செக்‌ஷன்வரை வேலை நின்றது. மறுநாள் தின்னருக்கென்று சிவப்புத் தகர டப்பாக்கள், திருகு மூடியோடு, வந்து சேர்ந்தன. என் வாழ்க்கையில் நான் கத்தி உடனே பலன் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

மாஸ்க் கதை அப்படி முடியவில்லை. கறுப்பு ரப்பரில் இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க், மேனேஜரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கியது. அதுவரை எல்லோரும் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். கைக்குட்டை வழியாகத் தின்னர் ஆவி போவதற்கு டிக்கெட்கூட எடுக்க வேண்டாம். புது மாஸ்க்கைக் கொடுத்ததும் பாதிப் பேர் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு பெண் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே பைக்குள் பத்திரப்படுத்தினாள், போட்டால் பழசாகிவிடுமாம். இன்னொருத்தி உள்ளே ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு முழம் மல்லிகையை மாஸ்க்குக்குள் வைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பூ அவள் மூக்கைக் குத்தி, அன்று முழுவதும் அவள் தும்மிக்கொண்டே ஷூ ஒட்டினாள்.

இவர்கள் மாஸ்க்கை நம்பாததற்குக் காரணம், அவர்களிடம் அதைவிட நம்பிக்கையான மருந்து ஒன்று இருந்தது. தினமும் பதினோரு மணிக்குப் பால். ஆளுக்கு ஒரு டம்ளர், கூட ஒரு துண்டு வெல்லம். தூசு, புகை, கெமிக்கல் இருக்கிற பட்டறைகளிலெல்லாம் இந்த வழக்கம் உண்டு. பால் குடித்தால் எல்லாம் முறிந்துவிடும் என்பார்கள். எங்கள் கம்பெனியில் அது நான் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஊறிப்போயிருந்தது. அக்காவின் விளக்கம் இது: "கெமிக்கலு உள்ள போயி உக்காந்துக்கும். பாலு போயி அத அப்படியே சுத்திக்கினு கீய கொண்ணாந்துரும். காலைல வெளிக்குப் போனா போச்சு."

நான் கரும்பலகையில் மனித உடம்பு வரைந்தேன். என் ஓவியத்தில் நுரையீரல் இரண்டு கத்தரிக்காய்களாக வந்திருந்தது.

"மூச்சு போற ரூட்டு வேற, பால் போற ரூட்டு வேற அக்கா. தின்னர் நுரையீரலுக்குப் போய் ரத்தத்துல கலக்குது. பால் வயித்துக்குப் போகுது. ரெண்டும் பாத்துக்கவே பாத்துக்காது."

"மேடம், விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனத்துக்கு நீ விக்கிரவாண்டி வழியாவும் வரலாம். பாண்டிக்குப் போயி எங்க கிளியனூரு வழியாவும் வரலாம். ரெண்டும் ஒரே ஊருக்குத்தான வருது?"

லைன் முழுவதும் சிரித்தது. கத்தரிக்காய்களை அழித்துவிட்டு என் அறைக்குப் போய், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று சாயந்திரம்தான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்தது. மாஸ்க் போட்டால்தான் பால்.

மேனேஜருக்கு யோசனை ரொம்பப் பிடித்தது. அவர் செய்ய வேண்டியது இதில் ஒன்றுமில்லை. மறுநாள் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருபத்திரண்டு கறுப்பு மாஸ்க்குகள் வரிசையில் நின்றன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. பதினொன்று பத்துக்கு இருபத்திரண்டும் கழுத்துக்கு இறங்கிவிட்டன. சரி என்று விதியை இறுக்கினேன். ஒன்பது மணியிலிருந்து நான் சுற்றி வருவேன், எப்போது பார்த்தாலும் மூக்கில் இருக்க வேண்டும், ஒருமுறை இல்லாவிட்டால் அன்று அவருக்குப் பால் இல்லை. முதல் நாளே ஏழு பேருக்கு டம்ளர் காலி.

மத்தியானம் அக்கா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. சிரிக்கவும் இல்லை.

"பாலை நிறுத்தாத மேடம். வேற எது வேணா பண்ணு. டார்கெட்ட ஏத்து, நாங்க பாத்துக்கறோம். பால்ல கை வைக்காத."

ஒரு டம்ளர் பாலுக்கு இவ்வளவா என்றுதான் நான் நினைத்தேன். "மாஸ்க் போடுங்கக்கா, பால் தானா வரும்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று ஞாபகம்.

இரண்டு நாள் கழித்து, என் அறைக் கண்ணாடி வழியாக ஒன்றைக் கவனித்தேன். பால் வாங்கியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியைக் குடிப்பதில்லை. மேஜைக்கு அடியில் ஓர் எவர்சில்வர் தூக்கு கைமாறிக்கொண்டே போகிறது. எல்லோரும் அதில் ஊற்றுகிறார்கள். தூக்கை அக்கா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு லைனின் கடைசிக்குப் போகிறார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆஹா, வீட்டில் தயிர் தோய்க்கப் பால் சேர்க்கிறார், கையும் களவுமாகப் பிடிக்கலாம். பிடித்தபிறகு பேசவேண்டிய வசனம் வரை மனசுக்குள் தயாராகிவிட்டது. ஹெல்மெட்டை வேறு எடுத்து மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசி மேஜையில் பிரம்மதேசத்திலிருந்து வருகிற ஒரு சின்னப் பெண் உட்காருவாள். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பேசவே மாட்டாள். அக்கா தூக்கை அவள் வாயில் வைத்துச் சரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடிக்கினு குடி. இன்னும் ரெண்டே வாயி."

அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"என்னக்கா நடக்குது இங்க?" என்றேன், பின்னாலிருந்து, நான் தயாரித்து வைத்திருந்த குரலில்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். குடித்த பால் அத்தனையும் என் புது சேஃப்டி ஷூவின்மேல் வந்துவிட்டது. வாங்கி இரண்டு மாதத்தில் அந்த ஷூ என்னை எதிலிருந்தாவது காப்பாற்றியது அன்றுதான்.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் எனக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். "பித்தம் மேடம்" என்றாள் ஒருத்தி. "காலைல நாஷ்டா சேரல" என்றாள் இன்னொருத்தி. "ரெண்டுந்தான்" என்றாள் மல்லிகைக்காரி. நான் கெமிஸ்ட்ரிதான் படித்தேன். ஆனாலும் இது பித்தமில்லை என்று தெரிகிற அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது.

"எத்தனை மாசம்மா?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினார்.

"மூணு முடியப்போவுது மேடம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்கள். லைனில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட். கர்ப்பம் என்று முன்பு சொன்னவர்களிடம், "போய் ரெஸ்ட் எடும்மா, குழந்தை பொறந்ததும் வா" என்று கான்ட்ராக்டர் அன்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். போனவர்களில் ஒருத்தியைக்கூடத் திரும்பக் கூப்பிடவில்லை. இவள் புருஷனுக்குச் சென்ட்ரிங் வேலை, இருக்கிற நாளில் உண்டு. இந்த வேலையும் போனால் அவளுக்கு மிச்சம், மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை எடுப்பதுதான், அதுவும் தினமும் இராது. அதனால் லைன் கூடி முடிவெடுத்திருக்கிறது. வயிறு தெரிகிறவரை யாரும் வாய் திறப்பதில்லை. இந்த நாற்றம் பிள்ளைக்கு ஆகாது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அதற்கு மருந்தாக, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மீதிப் பாலையெல்லாம் அவளுக்கே கொடுத்துவிடுவது என்றும் முடிவாகியிருக்கிறது. மாஸ்க் போட்டால் அவளுக்குக் குமட்டல் வந்ததால் அவள் அதைப் போடவே இல்லை. மாஸ்க் போடாதவளுக்குப் பால் இல்லை என்று நான் வைத்த விதியில், முதல் ஆளாக டம்ளரை இழந்தவளும் அவள்தான்.

எனக்கு வந்த கோபத்தில் நான் பயத்தையும் சேர்த்துக் கத்தினேன். அக்காவைப் பார்த்துத்தான்.

"எந்த டாக்டர்க்கா சொன்னாரு, பால் குடிச்சா வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு? மூணு மாசமா இவளை இங்க உக்கார வெச்சிருக்கீங்களே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அக்கா தூக்கின் மூடியைப் போட்டு அழுத்தினார்.

"டாக்டரு சொல்லல. நீ சொன்னியா மேடம்? தல வலிக்கும்ன. மயக்கம் வரும்ன. தீப்புடிக்கும்ன. கையி வெடிக்கும்ன. எல்லாத்துக்கும் படம் போட்டுக் காட்டின. வயித்துல இருக்கற கொயந்தைக்கு ஆவாதுன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொன்னியா? உனக்குத் தெரிஞ்சத நீ சொல்லல. எங்களுக்குத் தெரிஞ்சத நாங்க செஞ்சோம்."

அக்கா சொன்னது உண்மை.

ஆனால் அது, லைனுக்கு நான் எடுத்த பாதுகாப்புப் பாடத்தில் இருந்தது. தின்னர் டிரம்மின்மேல் சிவப்பு ஓரம் போட்ட சாய்சதுரப் படங்கள் இருக்கும். தீச்சுடர் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று. மூன்றாவது, மார்பில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு மனித உருவம். நான் தயாரித்த படவரிசையில் அந்த மூன்றாவது படத்துக்குக் கீழே, 'கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படுகிறது' என்று நானே தமிழில் அடித்திருந்தேன். பாடம் எடுத்த அன்று மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சூப்பர்வைசர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள், ஸ்டோர்க்காரர் கதவருகில். எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அத்தனை ஆண்களின் எதிரில் கரு, கர்ப்பம் என்ற சொற்கள் எனக்கு வரவில்லை. "இது நாள்பட்ட பாதிப்பு, பொதுவா எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லி அடுத்த படத்துக்குத் தாவிவிட்டேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. தீயைப் பற்றி அரைமணி நேரம் நடித்தே காட்டியவள், இருபத்திரண்டு பெண்களுக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டேன். பிறகு அதை மறந்தும்விட்டேன். அவர்களுடைய பாலைப் பார்த்து ஆறு மாதம் சிரித்தது நான்தான் என்று நினைத்தபோது எனக்கு அவமானமாக இருந்தது.

அந்தப் பெண்ணை அப்போதே எழுப்பி வெளியே கேட்டுக்குப் பக்கத்தில், காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் பேஜாரு என்றால் அவருக்கு ஆகாது. "பேசாம ஒரு லெட்டர் எழுதி வாங்கிக்கினு அனுப்பிடலாமே மேடம். அவங்களுக்கும் ரெஸ்ட்டு" என்றார்.

"சார், அடுத்த மாசம் நம்ம ஷூவை வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட்டர் வர்றாங்க. கர்ப்பமா இருக்கறவங்கள என்ன பண்றீங்கன்னு நிச்சயம் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் முகம் காட்டிக்குடுத்துரும்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். காட்டிக்கொடுக்கும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். சாயந்திரத்துக்குள் அவள் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். கட்டடத்தின் மறுகோடி, காற்று உள்ளே வருகிற பக்கம். ஷூவுக்குள் டிஷ்யூ பேப்பர் திணித்துப் பெட்டியில் வைக்கிற வேலை. அதே சம்பளம், பிரசவத்துக்குப் பிறகு அதே இடம் என்று கான்ட்ராக்டர் எழுத்தில் கொடுத்தார். அதை வாங்க மூன்று நாள் அவர் நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் டாக்டரிடம் போகும்போது டிரம்மின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். கெமிக்கல் வேலை செய்கிறேன் என்று மொட்டையாகச் சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் புரியாது, பெயர் தெரிந்தால்தான் அவர் கேட்க வேண்டியதைக் கேட்பார். ஸ்கேன் பார்த்துவிட்டு, இப்போதைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, இனி அந்தப் பக்கம் போக வேண்டாம், மாதாமாதம் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். 'இப்போதைக்கு' என்ற அந்தச் சொல் அடுத்த ஆறு மாதம் என் தூக்கத்தில் வந்தது.

அந்த ஆறு மாதத்தில் மற்ற வேலைகளைச் செய்தேன். பாடத்தை மறுபடி எடுத்தேன். எல்லா ஆண்களையும் கூப்பிட்டு முன்வரிசையிலேயே உட்கார வைத்தேன். மூன்றாவது படம் வந்ததும் நிறுத்தி, கரு என்றேன், கர்ப்பம் என்றேன், கலையலாம் என்றேன், எடை குறைவாகப் பிறக்கலாம் என்றேன். மாதம் தள்ளிப்போனால் உடனே என்னிடம் சொல்லுங்கள், வேலை போகாது, இடம்தான் மாறும் என்றேன். மேனேஜர் கூரையில் ஏதோ பல்லியைத் தேடினார். ஒரு சூப்பர்வைசர் கையைத் தூக்கி, "ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லியா மேடம்?" என்றார். "உங்களுக்குத் தலைவலி, மறதி, இருக்கற கொஞ்ச மூளையும் போயிரும்" என்றார் அக்கா. அன்றைய பாடத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அதுதான்.

ஃபேன் பிரச்சினைக்கும் வழி கிடைத்தது. சுவர் ஃபேன் பசைக்கு மேலே காற்றை இழுத்ததால்தான் ஆடை கட்டியது. இப்போது ஒவ்வொரு மேஜைக்கும் பின்னால் தாழ்வாக ஒரு குழாய் ஆவியை உறிஞ்சிக்கொள்கிறது, பசை நடுவில் மூடி போட்ட சட்டியில் இருக்கிறது, பிரஷ் போகிற அளவுக்குத்தான் அதற்கு வாய். துடைத்த துணிகளுக்கு மூடி போட்ட இரும்புத் தொட்டி. டார்கெட் குறையவில்லை. மாஸ்க் முக்கால்வாசிப் பேர் மூக்கில் முக்கால்வாசி நேரம் இருக்கிறது, அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை. பாலையும் நிறுத்தவில்லை. குடியுங்கள், எலும்புக்கு நல்லது, தின்னருக்கு மருந்து இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டேன்.

போன் ஒரு நாள் பால் நேரத்தில் வந்தது. பெண் குழந்தை, நல்ல எடை, ஆஸ்பத்திரி அதிரக் கத்துகிறதாம். அக்கா ஸ்டூல்மேல் ஏறி நின்று அறிவித்தார். லைன் போட்ட கூச்சலில் பேக்கிங்கிலிருந்து எல்லோரும் தீ பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தபடி வரிசையாக. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நிம்மதியில்தான்.

மத்தியானம் அக்கா ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலத்தோடு எல்லோரிடமும் போய்விட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். ஒரு மிட்டாயை என் மேஜையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பதினோரு வருசமா இங்க உக்காந்துக்கினு இருக்கேன் மேடம். எனக்கு ரெண்டு தங்கல. ஒண்ணு மூணு மாசத்துல போச்சு, இன்னொண்ணு நாலுல. அதுக்கப்பறம் நிக்கவே இல்ல. இதாலதானா?"

டிரம்மோடு வரும், பதினாறு பகுதிகள் கொண்ட டொலுயீன் பாதுகாப்பு விவரத்தாளை நான் கிட்டத்தட்ட மனப்பாடமாகவே சொல்வேன். அதில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

"தெரியலக்கா. இதாலயும் இருக்கலாம். வேற எதாலயும் இருக்கலாம். நடந்துபோனதுக்கு இதுதான் காரணம்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. மன்னிச்சுருங்கக்கா."

அக்கா அழவில்லை.

"உனக்கே தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"டாக்டருக்கு?"

"அவங்களாலயும் உறுதியா சொல்ல முடியாது."

"எங்க மாமியாளுக்குத் தெரியுமாம். என் ஒடம்புதான் வெளங்காத ஒடம்புன்னு, இத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கா." மிட்டாய்ப் பொட்டலத்தை மடித்தார். "அந்த மார்ல நட்சத்திரம் வெடிச்ச படம், அத ஒண்ணு பெருசா எடுத்துக் குடு மேடம். அடியில தமிழ்ல போட்டிருந்தியே, அந்த வரியோட."

"எதுக்குக்கா?"

"ஊட்ல ஒட்டணும். அவ சோறு துன்ற எடத்துக்கு நேரா."

கம்பெனியின் கலர் பிரின்டரில் பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தேன். சூடு ஆறாத தாளை அக்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே இருந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். கடைசிச் சொல்லில் நின்றார்.

"சந்தேகிக்கப்படுகிறதுன்னுதான போட்டிருக்கு?"

"ஆமாக்கா. உறுதி இல்ல. சந்தேகம்தான்."

"போதும் மேடம்" என்றார் அக்கா. "இத்தினி வருசமா என் மேல மட்டுந்தான் சந்தேகம் இருந்துச்சு."